தரையில் வாளி தப்பியது, கூரையில் ஃபேன் தொங்கியது

வாசகர் கடிதம் (சுருக்கி): மதுரைப் பக்கம் சிறிய மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிறேன், ஐயா. பாலிஷ் அடிக்கும் அறை தனி. பன்னிரண்டுக்குப் பத்தடி, பத்தடி உயரம், கான்கிரீட் கூரை, ஒரு கதவு, அன்று சாத்தியிருந்த ஒரு ஜன்னல். மேசைமேல் இரண்டடிக்கு இரண்டடி தகர டிரேயில் தின்னர் ஊற்றிச் சாமான் கழுவும்போது தீப்பிடித்துவிட்டது. வேலையாள் வெளியே ஓடிவந்து கதவைச் சாத்திவிட்டார். ஐந்தாறு நிமிடம் கழித்து நான் திறந்தேன். தீயே இல்லை, கறுப்புப் புகைதான். மூன்று எண்ணுவதற்குள் 'குப்'பென்று தலைக்கு மேல் தீ பாய்ந்து வெளியே வந்தது. முடியும் வலது கையும் சுட்டது. வேலையாள் ஒரு கம்பால் கதவை இழுத்து மறுபடி சாத்தினார். தீயணைப்பு வண்டி வந்து நுரை அடித்து அணைத்தார்கள். மறுநாள் பார்த்தால் டிரேக்கு மேலே இருந்த ஃபேன் இறக்கைகள் வாடின வாழையிலை மாதிரி தொங்குகின்றன. அதே அறையில் தரையில் இருந்த பிளாஸ்டிக் வாளி அப்படியே இருக்கிறது. டிரேயில் தின்னரும் பாதி மிச்சம். மேசை உயரம் வரைக்கும் சுவர் வெள்ளை, அதற்கு மேல் கரி. கதவைச் சாத்தாமல் விட்டிருந்தால் சூடு வெளியே போயிருக்கும், சாத்தியதுதான் தப்பு என்கிறார் என் மைத்துனர். யார் சொல்வது சரி? இனி எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதுமா? (வேலையாளுக்கு அன்றிரவு தலைவலி, வாந்தி. இப்போது பரவாயில்லை.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கையைக் கவனியுங்கள். பேனா மை, பற்பசை எதுவும் தடவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேலையாளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைவலியையும் வாந்தியையும் போகிறபோக்கில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள்; எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. காற்றுப் போதாமல் எரிகிற தீ கார்பன் மோனாக்சைடை நிறையக் கக்கும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அந்த வாசலில் நின்ற எல்லோருமே கொஞ்சம் சுவாசித்திருப்பீர்கள்.

இனி தீக்கு வருவோம். தீயணைப்புத் துறையில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் அறை தன் கதையைத் தானே சுவரில் எழுதி வைத்திருக்கிறது. ஃபேன், வாளி, மேசை உயரக் கரிக்கோடு, மிச்சத் தின்னர் என்று நீங்கள் பார்த்த நான்கையும் சேர்த்து வைத்தால் போதும், அன்று என்ன நடந்தது என்பது ஏறக்குறைய நிமிடக் கணக்கில் தெரிந்துவிடும்.

தின்னர் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் எரிகிறது. டிரேயை உற்றுப் பார்த்திருந்தால் திரவத்துக்கும் தீக்கும் நடுவே மங்கலான ஓர் இடைவெளி தெரிந்திருக்கும். தீயின் சூடு கீழே திரவத்தில் படுகிறது, திரவம் ஆவியாகிறது, ஆவி மேலே போய் எரிகிறது, அந்தச் சூடு மறுபடி கீழே வருகிறது. இந்தச் சுற்று நிற்காதவரை தீ நிற்காது. ஆனால் சூட்டில் கீழே திரும்புவது சிறு பங்குதான். பெரும்பங்கு நேரே கூரைக்குப் போகிறது. வெட்டவெளி என்றால் வானத்துக்குப் போய்விடும், யாருக்கும் கவலையில்லை. அறைக்குள் அது கூரையில் மோதி, நாலு பக்கமும் பரவி, சுவரில் இடித்து, அங்கேயே தேங்கிக் கீழ்நோக்கித் தடிக்க ஆரம்பிக்கும். தலைகீழாகத் தண்ணீர் நிரம்பும் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொட்டியின் உச்சியில் உங்கள் ஃபேன் இருந்தது, அடியில் வாளி இருந்தது. ஃபேன் இறக்கை அலுமினியம். 660 டிகிரி செல்சியஸில் உருகும். உங்களுடையது உருகிச் சொட்டவில்லை, வலுவிழந்து தொங்கியிருக்கிறது. ஆக டிரேக்கு நேர் மேலே சில நூறு டிகிரி இருந்திருக்கிறது, ஆனால் 660-ஐத் தொடவில்லை. பிளாஸ்டிக் வாளி 130 முதல் 160 டிகிரிக்குள் உருகிவிடும் ரகம். அதில் ஒரு நெளிவுகூட இல்லை என்கிறீர்கள். பத்தடி உயரத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். நாங்கள் அறைக்குள் தவழ்ந்து போவது வீரத்தைக் காட்ட அல்ல. நின்றால் தலை ஒரு ஊரில், கால் ஒரு ஊரில்.

சரி, மேலே தேங்கிய சூடு மேலேயே இருந்துவிட்டால் தொல்லையில்லையே என்று தோன்றும். அங்கேதான் வினை. கரும்புகை சூடானால் அது தானே ஓர் அடுப்புத் தணல் மாதிரி கீழ்நோக்கிக் கதிர்வீச ஆரம்பிக்கிறது. இந்தக் கதிர்வீச்சு வெப்பநிலையோடு சேர்ந்து சீராக ஏறுவதில்லை; தனி வெப்பநிலையின் (செல்சியஸோடு 273 கூட்டியது) நான்காம் அடுக்கில் ஏறுகிறது. 300 டிகிரியில் இருக்கும் புகைப்படலம் 600 ஆனால் கதிர்வீச்சு இரண்டு மடங்கு அல்ல, ஐந்து மடங்குக்கும் மேல். 600 டிகிரிவாக்கில் தரையில் விழும் வெப்பம் ஒரு சதுர மீட்டருக்கு 20 கிலோவாட்டை எட்டும். சித்திரை வெயில் உச்சிப்பொழுதில் அதே இடத்துக்குத் தருவது சுமார் ஒரு கிலோவாட். இருபது சூரியன் தலைக்கு மேல் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்போது தீயே தொடாத பலகை, அட்டைப்பெட்டி, திறந்த டப்பாவில் இருக்கும் வார்னிஷ் எல்லாம் ஒரே மூச்சில் பற்றும். அதற்குப் பிறகு அறைக்குள் இருப்பவரைக் காப்பாற்ற முடியாது. அறை முழுவதும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் தீ அந்த நிலைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான் மைத்துனருக்கான பதில் இருக்கிறது.

எண்ணெய்த் தீயில் எல்லோரும் எத்தனை லிட்டர் என்று கேட்பார்கள். நான் எத்தனை சதுர அடி என்று கேட்பேன். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயைச் சிம்னி விளக்கில் ஊற்றினால் பல ராத்திரி எரியும். அதே லிட்டரைத் தரையில் கொட்டினால் சதுர மீட்டர் கணக்கில் பரவி, பற்றினால் ஒரு நிமிடத்துக்குள் எரிந்து தீரும். ஆவி மேற்பரப்பிலிருந்துதானே எழுகிறது! ஆழமாகத் தேங்கிய பெட்ரோல் ஒரு சதுர மீட்டர் பரப்பில் எரிந்தால் ஏறத்தாழ 2 மெகாவாட். நம் வீட்டு 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஆயிரத்தை ஒரே அறையில் முழு வேகத்தில் வைத்த மாதிரி. உங்கள் டிரே அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகப் பரப்பு. தின்னருக்கும் டிரேயின் அளவுக்கும் தள்ளுபடி கொடுத்தாலும் அரை மெகாவாட்டுக்குக் குறையாது.

இப்போது காற்றுக் கணக்கு. எது எரிந்தாலும், மரமோ பெட்ரோலோ தின்னரோ, ஒரு கிலோ ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 13 மெகாஜூல் வெப்பம் வரும். உங்கள் அறை சுமார் 34 கன மீட்டர். அதில் 40 கிலோ காற்று, அந்தக் காற்றில் 9 கிலோ சொச்சம் ஆக்சிஜன். ஆனால் தீ அதைக் கடைசித் துளி வரை உறிஞ்சாது. சாதாரணமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்சிஜன் 14, 15 சதவீதத்துக்கு இறங்கினாலே சுடர் துவண்டுவிடும். ஆகவே உபயோகப்படுவது மூன்றில் ஒரு பங்கு, மூன்று கிலோ. அது தரும் வெப்பம் 40 மெகாஜூல். அவ்வளவு வெப்பத்துக்கு ஒரு லிட்டர் சொச்சம் தின்னர் போதும். கதவும் ஜன்னலும் சாத்திய உங்கள் அறையில் டிரேயில் ஐந்து லிட்டர் இருந்தாலும் ஐம்பது லிட்டர் இருந்தாலும், சுடர்விட்டு எரியக்கூடியது அந்த ஒரு லிட்டர் சுமார்தான். அரை மெகாவாட் வேகத்தில் அது ஒன்றரை நிமிடக் கதை.

சுவரின் கரிக்கோடு மேசை உயரத்தில் நின்றதும் இதனால்தான். புகை மேலிருந்து இறங்கி இறங்கி டிரே விளிம்பைத் தொட்டதும் தீ தன் புகையிலேயே மூழ்கிவிட்டது. மேசைக்குக் கீழே இருந்த காற்று அதற்கு எட்டவில்லை. வாளி அந்த நல்ல காற்றில் இருந்தது. டிரேயை அன்று தரையில் வைத்திருந்தால் புகை தரைவரை இறங்கியிருக்கும், உங்கள் வாளியும் வழிந்திருக்கும். வேலையாள் கதவைச் சாத்திய இரண்டு நிமிடத்துக்குள் பெருந்தீ செத்துப்போனது. அவர் செய்தது சரி. தீபாவளிக்கு அவருக்குக் கூடுதலாக ஒரு வேட்டி எடுத்துக் கொடுங்கள்.

மைத்துனர் சொல்வதிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. திறந்திருந்தால் வாசலின் மேல்பாதி வழியாகச் சூடு வெளியேறும், மெய்தான். ஆனால் அதே வாசலின் கீழ்பாதி வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். ஒன்றை விட்டு ஒன்று நடக்காது. ஜப்பானிய ஆய்வாளர் குனியோ கவகோயே 1950-களில் அறைகளைக் கொளுத்திக் கொளுத்திப் பார்த்து 1958-இல் இதற்கு ஒரு கணக்கே கொடுத்தார். திறப்பின் பரப்பையும் அதன் உயரத்தின் வர்க்கமூலத்தையும் பெருக்கினால், அந்த வாசல் எவ்வளவு பெரிய தீக்குக் காற்று ஊட்டும் என்பது தெரிந்துவிடும். மூன்றடிக்கு ஆறரை அடிக் கதவு திறந்திருந்தால் நாலு மெகாவாட்டுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் டிரேத் தீக்குத் தேவையானதைப் போல ஏழு மடங்கு.

டிரே மட்டும் என்றால் அது எரிந்து தீர்ந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூட அனுப்பிய புகைப்படத்தில் மூலையில் ஒரு 20 லிட்டர் வெள்ளை பிளாஸ்டிக் கேன் தெரிகிறது. அதன் தோள்பட்டை லேசாகச் சுருங்கியிருப்பதைக் கவனித்தீர்களா? நான் அந்தப் படத்தைப் பெரிதாக்கி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்து, டிரேத் தீ இன்னும் சில நிமிடம் அதே வேகத்தில் எரிந்திருந்தால் கேன் இளகிச் சரிந்து தரையெல்லாம் தின்னர் ஓடியிருக்கும். பரப்பு நாலைந்து மடங்கு. அப்போது நான் மேலே சொன்ன இருபது சூரியன் வந்திருக்கும்.

வெளியே போக வழி இருந்தால் சூடு போய்விடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்குப் பெரிய உதாரணம் கலிபோர்னியாவில் ஓக்லண்ட் அருகே உள்ள கால்டிகாட் சுரங்கச்சாலை. 1982 ஏப்ரல் 7 அன்று உள்ளே ஒரு பெட்ரோல் டேங்கர் விபத்தில் சிக்கி எரிந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அந்தச் சுரங்கத்துக்கு இரண்டு முனையும் வாசல்தான், இரண்டும் திறந்துதான் இருந்தன. ஆனால் சாலை ஒரு பக்கம் ஏற்றம். தீ கீழ்வாசல் வழியாகக் காற்றை இழுத்து, மேல்வாசல் பக்கமாகப் புகையையும் சூட்டையும் தள்ளியது. சாய்த்து வைத்த புகைபோக்கி என்று சொல்லலாம்.

அப்படியானால் உங்கள் கை ஏன் சுட்டது? கதவைச் சாத்தியதால் அல்ல, திறந்ததால். சுடர் அடங்கியதே தவிர சூடு அடங்கவில்லை. சூடான டிரேயில் தின்னர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. எரிய ஆக்சிஜன் இல்லாததால் அந்த ஆவியும் பாதி எரிந்த புகையும் அறையில் நிறைந்து நின்றன. அலமாரித் தட்டில் வேஸ்ட் துணி கருகியிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கனன்றுகொண்டு இருந்திருக்கும். இல்லாதது காற்று ஒன்றுதான், அதைக் கதவு வழியாக நீங்கள் கொடுத்தீர்கள். குளிர்ந்த காற்று கனமானது. தரையோடு ஊர்ந்து உள்ளே போய், பின்சுவரில் இடித்து, ஆவியோடு கலந்து, கனலைத் தொட வேண்டும். நீங்கள் மூன்று எண்ணிய நேரம் அந்தப் பயண நேரம். அப்புறம் பற்றியது முழுவதும் வெளியேற உங்கள் தலைக்கு மேலே இருந்த பாதி வாசல்தான் வழி. 'தீயே இல்லை, புகைதான்' என்று எழுதியிருக்கிறீர்களே, எங்கள் வேலையில் மிகவும் பயப்படுகிற காட்சி அதுதான்.

நான் பணியில் இருந்தபோது ஒரு திருமண மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டர் அறை எரிந்தது. டீசல் ஹோஸ் வெடித்து, பழுக்கக் காய்ந்த சைலன்ஸர் குழாயில் பீய்ச்சியிருக்கிறது. நாங்கள் போனபோது இரும்புக் கதவு சாத்தி இருந்தது, இடுக்கில் புகை உள்ளே போவதும் வெளியே வருவதுமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. காவலாளி சொன்னார், "டீசல்தானே சார், தீக்குச்சி போட்டாலும் பிடிக்காதே." நம் நாட்டுத் தரப்படி டீசல் 35 டிகிரிக்குக் கீழே பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடாது. ஆனால் மே மாதத்தில், ஓடும் ஜெனரேட்டரோடு மூடிக் கிடக்கும் அறையில் 35 எல்லாம் காலையிலேயே தாண்டிவிடும். கதவில் ஒரு வாளித் தண்ணீரை விசிறி அடிக்கச் சொன்னேன். மேல்பாதி 'சுர்'ரென்று உடனே காய்ந்தது. நெஞ்சு உயரத்துக்குக் கீழே ஈரம் அப்படியே வழிந்தது. உள்ளே சூடு எந்த மட்டம் வரை இறங்கியிருக்கிறது என்பதைக் கதவே காட்டிவிட்டது. கதவின் பக்கவாட்டில் குனிந்து உட்கார்ந்து, ஒரு சாண் மட்டும் திறந்து, நுரையை உள்ளே விட்டுவிட்டுத்தான் அடுத்த சாண் திறந்தோம். இதை உங்களைச் செய்யச் சொல்லவில்லை. உங்கள் வேலை கதவைச் சாத்துவது, மெயின் ஸ்விட்சை அணைப்பது, 101 அல்லது 112-ஐ அழைப்பது, எல்லோரையும் எண்ணிப் பார்ப்பது. வண்டி வரும்வரை அந்தக் கதவு உங்களுடையது அல்ல.

எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டீர்கள். போடுங்கள், ஆனால் தீக்காக அல்ல, தீப்பிடிக்காமல் இருப்பதற்காக. எரிந்த புகை கூரைக்குப் போகும். எரியாத தின்னர் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம், தரையில் படுக்கும். நம் ஊரில் எல்லோரும் எக்ஸாஸ்டைக் கூரைக்குப் பக்கத்தில் மாட்டுகிறார்கள். ஆவி அதன் கண்ணிலேயே படாது. உறிஞ்சும் வாய் தரையிலிருந்து ஒரு அடிக்குள் இருக்கட்டும், எதிர்ச்சுவரில் காற்று வர வழி இருக்கட்டும், மோட்டார் பொறி பறக்காத ஃபிளேம்ப்ரூஃப் ரகமாக இருக்கட்டும். சாதா மோட்டார் மாட்டினால் அந்த ஆவிக்கு நீங்களே தீக்குச்சி கிழித்துக் கொடுப்பதாக ஆகும். தீ என்று ஆகிவிட்டால் ஃபேனை நிறுத்திவிட வேண்டும். அதுவும் ஒரு வாசல்தான்.

டிரேக்கு அளவெடுத்து ஒரு தகர மூடி செய்து பக்கத்திலேயே சாய்த்து வையுங்கள். தொடங்கிய தீயை மூடி நகர்த்தி அணைக்கிற மாதிரி எளிய வழி வேறு இல்லை. எட்டாத உயரத்துக்குத் தீ போய்விட்டால் மூடியைத் தேடவேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். டிசிபி எனப்படும் உலர் இரசாயனப் பவுடர் தீயணைப்பு சிலிண்டர் ஒன்று கதவுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே அல்ல. தண்ணீர் வாளி வேண்டாம். தண்ணீர் அடியில் போய் எரியும் தின்னரை மேலே தூக்கி, டிரே விளிம்பு வழியே தரைக்கு இறக்கிவிடும். சூடான எண்ணெய் என்றால் இன்னும் மோசம். நீராவியாகும்போது தண்ணீர் 1700 மடங்கு விரியும், எண்ணெயைக் கூரைவரை வீசும்.

அந்தப் பிளாஸ்டிக் கேன். 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டப்படி, இந்த ரகத்தை விற்பனைக்கு அல்லாமல் சொந்த வேலைக்கு உரிமமின்றி 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம், அதுவும் கண்ணாடி, பீங்கான் புட்டி ஒரு லிட்டருக்கும் உலோகக் கேன் 25 லிட்டருக்கும் மிகாமல். வெள்ளைப் பிளாஸ்டிக் அதில் சேராது. பட்டறைக்கு வெளியே நிழலில் ஒரு செங்கல் மாடம் கட்டி, மூடியுள்ள தகரக் கேனில் வையுங்கள். அறைக்குள் அன்றைய வேலைக்கு வேண்டியது மட்டும் போகட்டும்.

அறையைத் திரும்பப் புழங்குவதற்கு முன் ஒயரிங் முழுவதையும் மாற்றுங்கள். பிவிசி 80 டிகிரியிலேயே இளகும், கருகாமல் தெரிகிற ஒயரையும் நம்பவேண்டாம். டிரேக்கு நேர் மேலே உள்ள பூச்சைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொக்கையாகச் சத்தம் கேட்டால் கொத்திவிட்டு, உள்ளே கான்கிரீட் ரோஸ் நிறம் காட்டுகிறதா என்று ஒரு பொறியாளரை வைத்துப் பாருங்கள். 300 டிகிரியைத் தாண்டிய கான்கிரீட் பெரும்பாலும் அந்த நிறம் பிடிக்கும். உங்கள் தீ நின்ற நேரத்துக்குப் பூச்சோடு போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். வெள்ளையடிக்கிறபோது அந்தக் கரிக்கோட்டில் ஒரு முழம் மட்டும் அழிக்காமல் விடச் சொல்லுங்கள். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குக் காட்ட ஆகும்.